ஐந்தாம் மாதத்தில் கொக்கிப்புழு: மாத்திரையைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: எனக்கு ஐந்தாம் மாதம். ஹீமோகுளோபின் 9.4. மலப் பரிசோதனையில் கொக்கிப்புழு முட்டை இருப்பதாக வந்திருக்கிறது. கர்ப்பத்தில் ஏற்கெனவே எதிர்ப்பு சக்தி குறைவு என்கிறார்கள்; புழு அதை இன்னும் குறைத்துவிடுமா? பிரசவம் வரை மாத்திரையைத் தள்ளிப்போடலாமா? புழு இருந்தால் குழந்தைக்கு அலர்ஜி வராது என்றும் படித்தேன்.

பதில்: தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் பயப்படுவது எதிர்ப்பு சக்தியை நினைத்து. உண்மையில் கவலைப்பட வேண்டியது ரத்த இழப்பைப் பற்றி.

கர்ப்பத்தில் எதிர்ப்பு சக்தி ஒட்டுமொத்தமாகக் குறைந்துவிடுவதில்லை. குழந்தையின் மரபணுக்களில் பாதி அப்பாவுடையவை என்பதால் தாயின் உடலுக்குக் கரு ஓரளவு அந்நியம். அதைத் தாக்காமலிருக்க, எதிர்ப்பு சக்தியைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரி டி செல்கள் பெருகுகின்றன, இன்டர்லூகின்-10 போன்ற தணிக்கும் புரதங்கள் கூடுகின்றன. குடற்புழுக்களும் ஆண்டுக்கணக்கில் உள்ளே தங்குவதற்கு இதே செல்களையும் புரதங்களையும்தான் தூண்டுகின்றன. ஆக, புழு இருப்பதாலேயே உடல் கருவை நிராகரித்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் எல்லாப் புழுவும் ஒன்றல்ல. பொலிவியாவின் சிமானே பழங்குடிப் பெண்களைப் பற்றி 2015-இல் வெளியான ஆய்வில், உருளைப்புழு இருந்தவர்கள் சீக்கிரம் கருத்தரித்தார்கள். கொக்கிப்புழு இருந்தவர்களுக்குக் கருத்தரிப்பு தாமதப்பட்டது.

கொக்கிப்புழு குடல் சுவரைக் கவ்வி ரத்தம் குடிக்கும். ரத்தம் உறையாமலிருக்க ஒரு பொருளைச் சுரப்பதால், புழு இடம் மாறிய பிறகும் பழைய காயம் கசிந்துகொண்டிருக்கும். இனத்தைப் பொறுத்து ஒரு புழுவால் நாளொன்றுக்கு 0.03 முதல் 0.2 மி.லி. வரை இழப்பு. நூறு புழு இருந்தால் 3 முதல் 20 மி.லி. குழந்தைக்கு இரும்பு அதிகம் தேவைப்படும் மாதங்கள் இனிமேல்தான் வருகின்றன.

முதல் மூன்று மாதங்களில் கருவின் உறுப்புகள் உருவாவதால் புழு மாத்திரையைத் தவிர்க்கிறோம். நீங்கள் அதைக் கடந்துவிட்டீர்கள். வழக்கமான அளவு அல்பெண்டசோல் 400 மி.கி., ஒரே வேளை, மென்று விழுங்க வேண்டும். உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து குடலுக்குள் வேலை செய்தாலே போதும். கொழுப்பு மிகுந்த சாப்பாட்டோடு எடுத்தால் ரத்தத்தில் கலக்கும் அளவு பல மடங்கு கூடும் என்பதால் அப்படி வேண்டாம். இன்னொரு புழு மாத்திரையான மெபெண்டசோலை ஒரு வேளை மட்டும் எடுத்தால் கொக்கிப்புழுவுக்கு அவ்வளவாகப் பலிப்பதில்லை. இரண்டு, மூன்று வாரம் கழித்து மலத்தை மறுபடி பரிசோதியுங்கள்.

புழு போனால் மட்டும் ஹீமோகுளோபின் ஏறாது. இரும்பு மாத்திரை தொடர வேண்டும். கால்சியம் மாத்திரையோடும் டீயோடும் சேர்க்காமல் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். அட்டையில் போட்டிருப்பது இரும்பு உப்பின் எடையா, அதிலுள்ள இரும்பின் எடையா என்றும் பாருங்கள். உப்பின் எடையை இரும்பின் எடையாக எண்ணிக் குறைவாக எடுத்துக்கொண்டு 'மருந்து கேட்கவில்லை' என்று நினைப்பவர்கள் நிறைய.

அலர்ஜி பற்றி நீங்கள் படித்ததில் கொஞ்சம் உண்மை உண்டு. உகாண்டாவின் என்டெபேயில் நடந்த ஆய்வில், கர்ப்பத்தில் அல்பெண்டசோல் எடுத்த தாய்மாரின் குழந்தைகளுக்கு எக்ஸிமா (அரிப்போடு வரும் தோல் அழற்சி) கூடுதலாக வந்தது. ஆனால் எக்ஸிமாவுக்குச் சிகிச்சை உண்டு. சோகையும் புழு முட்டையும் சேர்ந்தே இருக்கும் உங்களுக்கு, புழுவை விட்டுவைக்க இதைக் காரணமாக நான் ஏற்கமாட்டேன்.

புழுவால் கரு நிராகரிக்கப்படும் என்று அஞ்ச வேண்டாம் என்றேன்; அந்த நிம்மதி மலேரியாவுக்குப் பொருந்தாது. அந்த ஒட்டுண்ணி தொற்றிய சிவப்பணுக்கள் நஞ்சுக்கொடியில் ஒட்டிக்கொள்ளும். அங்கே எழும் அழற்சியால் குழந்தைக்கு ஊட்டம் குறைந்து எடை குறையும். மலேரியா உள்ள பகுதியில் காய்ச்சல் வந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள். கொக்கிப்புழுவைப் போலவே வெறுங்கால் வழியாக நுழையும் இன்னொரு குடற்புழு ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ். குறைப்பிரசவ வாய்ப்பு இருந்தால் குழந்தையின் நுரையீரல் முதிரச் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். இந்தப் புழு இருக்கும்போது ஸ்டீராய்டு கொடுத்தால் புழு கட்டுக்கடங்காமல் பெருகி நுரையீரல் வரை பரவக்கூடும். ஒரே வேளை எடுக்கும் அல்பெண்டசோலை நம்பி இதை விட முடியாது. மல மாதிரியைப் புதிதாகவே கொடுங்கள்: நேரம் கடந்தால் கொக்கிப்புழு முட்டைகளே பொரித்து, அந்த லார்வாக்களை ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்று தவறாகப் படிக்க நேரும். சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் ஆன்டிபாடி பரிசோதனை உண்டு. முடிவை மருத்துவரிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். ஊசியை நீங்களாக மறுக்காதீர்கள்.