நப்பின்னை என்னும் பெயர்: கேள்வியும் பதிலும்

கேள்வி: எங்கள் மகளுக்கு நப்பின்னை என்று பெயர் வைக்க விரும்புகிறோம். பெயர்ப் பட்டியல்களில் ஒன்று "அழகி" என்றும், மற்றொன்று "நல்ல பின்னலை உடையவள்" என்றும், இன்னொன்று "கண்ணனின் தோழி" என்றும் பொருள் தருகிறது. எது சரி?

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள். சான்று காட்டாத பெயர்ப் பட்டியலை நம்பிக் குழந்தைக்குப் பெயர் சூட்டாதீர்கள். அவற்றுள் பல ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டவை.

கண்ணன் மணந்ததாகத் தமிழ் மரபு சொல்லும் ஆயர் மகளின் இப்பெயர் ந, பின்னை என இரண்டாகப் பிரியும். முதலில் நிற்கும் ந சிறப்புப் பொருள் தரும் பழைய முன்னொட்டு. கீரர் நக்கீரர் ஆனதும், செள்ளை நச்செள்ளை ஆனதும், பூதனார் நப்பூதனார் ஆனதும், மாறோக்கத்துப் புலவர் நப்பசலையார் எனப்பட்டதும் இவ்வகையிலேயே. ந முன்னே வரும்போது அடுத்த வல்லெழுத்து இரட்டிக்கும் என்பதால், நப்பின்னை என்பதில் உள்ள பகர ஒற்றை (ப்) விடக்கூடாது. "நபின்னை" என்று எழுதினால் பெயரின் வரலாறே அழிந்துவிடும்.

பின்னை என்ற சொல்லுக்கு அறிஞர் கூறும் விளக்கங்கள் ஒன்றல்ல. பின் பிறந்தவள், இளையவள் என்பது ஒன்று. தம்முன் என்பது மூத்தவனைக் குறிப்பதற்கு இணையாக இதைக் கொள்வர். பின்னிய கூந்தலை உடையவள் என்பது மற்றொன்று. திருவள்ளுவ மாலையில் கண்ணனை "உபகேசி தோள்மணந்தான்" என்று சொல்லும் வெண்பாவுக்கு உரை கண்டவர்கள் உபகேசி என்பவள் நப்பின்னையே என்றனர். கேசம் கூந்தல் ஆதலால் இரண்டாம் விளக்கம் அங்கே வலுப்பெறுகிறது. சிலப்பதிகாரத்தில் பிஞ்ஞை என்ற வடிவமும் வருகிறது. எனக்கு முதல் விளக்கமே எளிமையானதாகவும் சொல்லின் இயல்புக்கு நெருக்கமானதாகவும் படுகிறது. "அழகி" என்ற பொருளுக்கு எந்த அடிப்படையும் இல்லை.

கேள்வி: இப்பெயர் முதன்முதலில் எங்கே வருகிறது? ஆண்டாள் உருவாக்கிய பெயரா?

பதில்: இல்லை, அவருக்கு முன்பே வழங்கியது. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில், மதுரைப் புறத்து ஆயர் சேரியில் பால் உறையாமலும் வெண்ணெய் உருகாமலும் தீய குறிகள் தோன்ற, ஆயர் முதுமகள் மாதரி ஏழு மகளிரை நிறுத்திக் குரவை ஆடச் செய்கிறாள். ஏழு பேருக்கும் ஏழு சுரங்களின் பெயரை இட்டு, குரல் என்பவளை மாயவன் என்றும், இளி என்பவளைப் பலராமன் என்றும், துத்தம் என்பவளைப் பின்னை என்றும் அழைக்கிறாள். மணிமேகலையிலும் "மாமணி வண்ணனும் தம்முனும் பிஞ்ஞையும்" ஆடிய குரவை நினைக்கப்படுகிறது. ஆண்டாள் திருப்பாவையின் 18, 19, 20ஆம் பாசுரங்களில் அவளைத் துயிலெழுப்புகிறார். "நந்தகோபாலன் மருமகளே நப்பின்னாய்" என்ற விளி தமிழ்க் குடும்பத்தின் விளி. வந்த வீட்டின் உறவைச் சொல்லிப் பெண்ணை அழைப்பது நம் வழக்கம்.

திருப்பாவையை எப்போதும் அனுசந்தித்துக்கொண்டிருந்த இராமானுசர், "உந்து மதகளிற்றன்" பாசுரத்தில் "வளையொலிப்ப வந்து திறவாய்" என்ற இடத்தை ஓதி வரும் வேளையில், பெரிய நம்பியின் மகள் அத்துழாய் கதவைத் திறக்க, அவளை நப்பின்னையாகவே கண்டு மயங்கி விழுந்தார் என்று வைணவ மரபு பரவலாகச் சொல்கிறது. அத்துழாய் என்பதும் இன்று அருகிவிட்ட அழகிய பெயர்தான்.

கேள்வி: பாகவதத்தில் ஏழு எருதுகளை அடக்கிக் கண்ணன் மணந்த நாக்னஜிதியைத்தானே தமிழில் நப்பின்னை என்கிறார்கள்?

பதில்: ஏழு எருதுகள் இரண்டு கதைகளுக்கும் பொது. ஆனால் நாக்னஜிதி கோசல மன்னனின் மகள். நப்பின்னை ஆயர் மகள். வைணவ உரையாசிரியர்கள் அவளை யசோதையின் உடன்பிறந்தவரான கும்பரின் மகளாகச் சொல்வர். அப்படியானால் அவள் கண்ணனுக்கு மாமன் மகள், முறைப்பெண். எருது தழுவிப் பெண் கொள்ளும் வழக்கம் முல்லை நிலத்தது. "கொல்லேற்றுக் கோடஞ்சுவானை மறுமையும் புல்லாளே ஆய மகள்" என்று கலித்தொகை பாடுவது இந்த வாழ்க்கையைத்தான். பெயரும் உறவும் மண முறையும் தமிழாய் இருக்கையில், அவளை வடமொழிக் கதையின் மொழிபெயர்ப்பாக மட்டும் காண்பது பொருந்தாது.

கேள்வி: "அழகிய கூந்தல் உடையவள்" என்று ஒரு செயலியில் பார்த்தேன். அதுதானே பொருள்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: நப்பின்னை மனைவி என்பதே பிற்காலக் கருத்து. ஆய்ச்சியர் குரவையில் அவள் கண்ணனுக்கும் பலராமனுக்கும் நடுவே நிற்கிறாள். வடமதுரைச் சிற்பங்களில் கண்ணனின் தங்கையாகக் கொள்ளப்படும் ஏகாநம்சை இருவர் நடுவே நிற்பதும், பூரியில் சுபத்திரை நிற்பதும் இதே அமைப்பு. பின்னை என்றால் இளையவள் என்று நீங்களே சொன்னீர்கள். ஆகவே அவள் தங்கை.

பதில்: இது மதித்து விடை சொல்லவேண்டிய கேள்வி. மூவர் அமைப்பு ஒத்திருப்பது உண்மை. ஒரு பாடலில் அவள் கடல்வண்ணனின் இடத்திலும் தம்முனோனின் வலத்திலும் நிற்கிறாள். மற்றொன்றில் இடம் மாறி நிற்கிறாள். இரண்டிலும் நடுவில் நிற்பவள் அவளே. ஆனால் நிற்கும் இடத்தைக் கொண்டு உறவைத் தீர்மானிக்க முடியாது; பாடல் என்ன சொல்கிறது என்று பார்க்கவேண்டும். துளசி மாலையை மாயவனாக நிற்பவள் மேல் இட்டுக் குரவைக்குள் புகும் பெண்ணைக் கண்டு, உலகை அளந்தவன் தன் மார்பில் உள்ள திருமகளையும் நோக்காதபடி செய்த "நம் பின்னைதானாம்" இவள் என்று மாதரி வியக்கிறாள். திருமகளுக்குப் போட்டியாக வைத்துப் பேசப்படுபவள் தங்கையாக இருக்க இயலுமா? சிலப்பதிகாரத்திலேயே அவள் காதலி.

கேள்வி: முன் கேட்டவனே மீண்டும் கேட்கிறேன். அந்த வரி பின்னர் சேர்ந்த கருத்தின் தாக்கமாக இருக்கலாம் அல்லவா? பெயரில் எஞ்சியிருக்கும் "இளையவள்" என்ற பொருள் அதைவிடப் பழமையானது.

பதில்: பெயர் பழமையானது என்பதை ஏற்கிறேன், ஆனால் இளையவள் என்றால் தங்கை என்றே ஆகாது. மூத்த தேவிக்கு இளைய தேவியும் பின்னைதான். பெரியாழ்வார் "பின்னை மணாளனைப் பேரிற் கிடந்தானை" என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் பாடுகிறார். சிந்தாமணியில் ஆயர் தலைவன் நந்தகோன் தன் மகள் கோவிந்தையை மணம் பேசும்போது, திருமால் நப்பின்னையின் இதழமுதம் எய்தியதை எடுத்துக்காட்டாகச் சொல்கிறான். சமணக் காப்பியம் ஒன்று இதை எல்லோரும் அறிந்த செய்தியாக எடுத்தாள்கிறது. கைவசம் உள்ள வரிகளைப் பின்வந்தவை என்று ஒதுக்கிவிட்டு, இல்லாத வரிகளைக் கொண்டு வாதிட நான் உடன்படமாட்டேன். ஆனால் "நம் பின்னை" என்ற அந்தத் தொடரைக் கவனியுங்கள். நப்பின்னை என்பதே நம் பின்னை என்பதிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. நக்கீரர், நச்செள்ளை போன்ற பெயர்களின் வரிசையில் வைத்துப் பார்ப்பதால் நான் முன்னொட்டையே ஏற்கிறேன். எனினும் ஒரு சேரிப் பெண் தன் தெய்வத்தை நம்முடையவள் என்று உரிமையோடு அழைத்த குரல் அந்தத் தொடரில் கேட்கிறது. அதை இழக்க எனக்கு மனமில்லை.

கேள்வி: நீளாதேவி, நீலா, நிலா எல்லாம் இதே பெயரா?

பதில்: நீளா மட்டும். வைணவர் நப்பின்னையை நீளாதேவி என்பர். பராசர பட்டர் திருப்பாவைக்கு அருளிய தனியன் என்னும் போற்றிச் செய்யுள் "நீளா" என்றே தொடங்குகிறது. நீலாவும் நிலாவும் வேறு.

கேள்வி: குழந்தையின் நட்சத்திரத்துக்கு ந எழுத்து பொருந்துமா? எண்கணிதப்படி இன்னொரு எழுத்துச் சேர்க்கலாமா?

பதில்: நட்சத்திரத்தைச் சோதிடம் கற்றவரிடம் கேளுங்கள். எழுத்தைச் சேர்க்கவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

கேள்வி: இவ்வளவு பழமையான பெயர் ஏன் பரவவில்லை? கயல்விழி, யாழினி போன்றவை பரவியிருக்கின்றனவே.

பதில்: என் கருத்தைச் சொல்கிறேன். கடந்த நூற்றாண்டில் தமிழ்ப் பெயர்களை மீட்டவர்களுள் பலர் சமயச் சார்பு இல்லாத, கேட்டவுடன் பொருள் விளங்கும் சொற்களைத் தேர்ந்தார்கள். நப்பின்னையில் கண்ணனின் நிழல் உண்டு, பொருளும் உடனே விளங்காது. மறுபுறம், மார்கழி தோறும் அவளைப் பாடும் குடும்பங்களில் பலர் மகளுக்குப் பெயர் வைக்கும்போது வடமொழிப் பெயரையே நாடினார்கள். இரு பக்கத்தாரும் விரும்பத்தக்க காரணம் இருந்தும் இரு பக்கத்தாரும் விட்டுவிட்டது எனக்கு உண்மையான வருத்தம்.

கேள்வி: பொருள் என்ன என்று யாராவது சுருக்கமாகச் சொல்லுங்களேன். பட்டியலில் "அழகி" என்று இருக்கிறது.

பதில்: மூன்றாம் முறையாக இக்கேள்வி வருகிறது. "சிறப்புக்குரிய இளையவள்." பட்டியலை மூடிவிடுங்கள்.

கேள்வி: பின்னை என்றால் "பிறகு" என்றும் பொருள் உண்டே, பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்யமாட்டார்களா? வீட்டில் எப்படி அழைப்பது?

பதில்: கேலி செய்யக்கூடும். கவி என்றும் மதி என்றும் பெயர் கொண்டவர்களையும் பிள்ளைகள் கேலி செய்திருக்கிறார்கள். குழந்தைக்குக் கதை கேட்கும் வயது வந்ததும் ஏழு எருதுகளின் கதையைச் சொல்லுங்கள். தன் பெயரின் கதையை அறிந்த பிள்ளை அதை மற்றவர்க்கும் சொல்லும். வீட்டில் பின்னை என்றே அழைக்கலாம். ஆழ்வாரும் இளங்கோவும் அப்படித்தான் அழைத்தார்கள். "நப்பி" என்று மட்டும் வெட்டாதீர்கள், பிறப்புச் சான்றிதழில் பகர ஒற்று விடுபடாமல் பதிவாகியிருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.