'லீக் டெஸ்ட்' வேலைக்கு மகளை அனுப்பலாமா?

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த மகளுக்கு வேக்குவம் ஃபர்னஸ் (காற்றை வெளியேற்றிவிட்டு உலோகத்தைச் சூடாக்கும் உலை) ஆலையில் 'லீக் டெஸ்ட்' வேலை வந்திருக்கிறது. சைக்கிள் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்க்கவா மூன்று வருஷம் படித்தாள் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக அனுப்புங்கள். இங்கே காற்று வெளியே வருவதில்லை, உள்ளே போகிறது. சூட்டில் அந்தக் கொஞ்சம் காற்று பட்டாலே உள்ளே வைத்த டைட்டானியம் உலோகம் நீலம் பூத்து, மேற்பரப்பு நொறுங்கத் தொடங்கிவிடும்.

காலியான, ஆறிய ஃபர்னஸிலிருந்து பம்பால் காற்றை இழுத்து, வால்வை மூடிவிட்டு, அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பதுதான் அடிப்படைச் சோதனை. 1,000 லிட்டர் சேம்பரில் 10 நிமிடத்தில் 0.010 மில்லிபார் 0.016 ஆகிறது என்று வையுங்கள். ஏறிய 0.006-ஐ 1,000-ஆல் பெருக்கி 600 நொடியால் வகுத்தால் நொடிக்கு 0.01 மில்லிபார் லிட்டர்; இதுதான் கசிவின் அளவு. ஃபர்னஸ்காரர்கள் அழுத்தம் மணிக்கு இத்தனை மைக்ரான் ஏறுகிறது என்பார்கள் (ஒரு மில்லிபார் சுமார் 750 மைக்ரான்). அந்தக் கணக்கில் இது சுமார் 27. பல இடங்களில் 10-ஐத் தாண்டினாலே சரக்கு ஏற்ற மாட்டார்கள்.

ஆனால் ஏறியதெல்லாம் ஓட்டை அல்ல. சுவரில் ஒட்டிய ஈரமும் ஆவியாகி அழுத்தத்தை ஏற்றும். ஈரம் என்றால் முதலில் விறுவிறுவென்று ஏறிப் பிறகு தளரும். ஓட்டை என்றால் கோடு ஒரே சாய்வில் போய்க்கொண்டே இருக்கும். மழைநாளில் கதவைத் திறந்து போட்டுவிட்டு, மறுநாள் கதவிடுக்கை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை, அது நன்றாக இருந்தும், கழற்றி எறிபவர்கள் இந்த வித்தியாசம் தெரியாதவர்கள். உங்கள் மகளுக்குச் சம்பளம் கூடுவது இதைப் பிரித்துச் சொல்லும் திறமைக்குத்தான்.

ஓட்டை எங்கே என்று ஹீலியம் வாயு காட்டிக்கொடுக்கும். அதை வெளியே அடித்தால் ஓட்டை வழியாக உள்ளே போகும்; ஃபர்னஸோடு இணைத்த டிடெக்டர் அதைக் கண்டுபிடித்துச் சிக்னல் கொடுக்கும். அது மேலே போகிற வாயு. கீழிருந்து அடித்தால் மேலே உள்ள ஓட்டையில் போய்ச் சிக்னல் கொடுத்து ஏமாற்றும். அதனால் மேலிருந்து, கொஞ்சமாக, நிதானமாக அடிக்க வேண்டும். கதவு ஓ-ரிங்கில் ஒட்டிய ஒற்றை முடி, சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் நுழையும் இடம், இவைதான் முதல் சந்தேகம்.

நேர்காணலில் ஹீலியம் டிடெக்டர் இருக்கிறதா, அளவு தெரிந்த லீக்கை வைத்து அதைச் சரிபார்க்கிறார்களா என்று கேட்கட்டும். இரண்டுக்கும் பதில் இல்லாத இடத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்க வேண்டாம். என்.டி.டி. (பொருளைச் சிதைக்காமல் சோதிக்கும் முறைகள்) சான்றிதழ்களில் லீக் டெஸ்டிங் தனிப் பிரிவு. அனுபவத்தோடு அதில் இரண்டாம் நிலையான லெவல் 2 தேர்வு எழுதினால் கல்பாக்கம் அணுசக்தி மையம், மகேந்திரகிரி இஸ்ரோ மையம் பக்கம் ஒப்பந்தப் பணிகளுக்கும் விண்ணப்பிக்கலாம்.

பாதுகாப்பைப் பற்றியும் கேட்கச் சொல்லுங்கள். ஆர்கான் வாயு நிரப்பிய, ஆக்சிஜன் இல்லாத சேம்பருக்குள் தலையை நுழைத்தால் மூச்சுத் திணறுவதற்கு முன்பே மயக்கம் வந்துவிடும். வாசனை, நிறம் எதுவும் எச்சரிக்காது. ஆக்சிஜன் மீட்டர் இல்லாமல் உள்ளே ஆள் இறக்குகிற ஆலை என்றால், சம்பளம் எவ்வளவு சொன்னாலும் வேண்டாம்.