மழை பிடித்ததும் தேன் கேன் உப்புகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: சார், குமரி மாவட்டம் அருமனை பக்கம் ரப்பர் தோட்டத்தில் 40 தேன் பெட்டி வைத்திருக்கிறேன். மாசியில் எடுத்த தேனை 35 லிட்டர் கேன்களில் அடைத்து வைத்தேன். மழை தொடங்கியதும் இரண்டு கேன் உப்பிவிட்டது, திறந்தால் நுரை. முன்பே விற்ற பாட்டில்களில் அடியில் சீனி மாதிரி படிந்திருக்கிறது, பாகு கலந்தாயா என்று கேட்கிறார்கள். தேன் கெடவே கெடாது என்பார்களே, உண்மையில் எவ்வளவு நாள் வைக்கலாம்?

பதில்: அண்ணே, இது இரண்டு வேறு விஷயம். பாட்டிலில் படிந்தது கெட்டது இல்லை. கேனில் நுரைத்தது கெட்டதுதான்.

முதலில் கேன். மூடியைத் திருகும்போது புஸ்ஸென்று காற்று வந்து கள் வாடை அடித்திருக்குமே? சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறங்கிய அக்கானி (பதநீர்) மதியத்துக்குள் கள்ளாவது போலத்தான் இதுவும். ஈஸ்ட் எல்லாத் தேனிலும் கொஞ்சம் இருக்கும், தண்ணீர் குறைவாக இருக்கும்வரை அது தலை தூக்காது. தேனில் தண்ணீர் 18 சதவீதத்துக்குக் கீழே என்றால் பெரிதாகப் பயப்பட வேண்டாம், 20-ஐத் தாண்டினால் இன்றோ நாளையோ புளிக்கும். உணவுப் பாதுகாப்பு விதியிலும் எல்லை 20 சதவீதம்தான்.

நம்ம ஊரில் இது அடிக்கடி நடப்பதற்குக் காரணம் அவசரம். ரப்பர் தளிர்விடும் அந்தச் சில வாரங்களில், மூன்று இலையும் காம்பில் சேரும் இடத்தில் சுரக்கும் இனிப்பு நீரைத் தேனீ கொண்டு வந்து கொட்டிக்கொண்டே இருக்கும், அறை நிரம்பியதைப் பார்த்ததும் நாம் மெஷினில் போட்டுச் சுற்றிவிடுகிறோம், அது இன்னும் விளையாத தேன். அடையில் முக்கால் பாகமாவது மெழுகு மூடி போட்ட பிறகுதான் எடுக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அடை கட்டிய மரச்சட்டத்தைப் படுக்கையாகப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்குங்கள், துளி சிதறினால் திருப்பி வைத்துவிடுங்கள். தண்ணீர் அளவு பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் என்று கையடக்கக் கருவி இருக்கிறது, 40 பெட்டிக்காரர் வாங்கி வைக்கலாம். அதுவரை தோராயமாக, ஒரு லிட்டர் தேன் 1.4 கிலோவுக்குக் குறைந்தால் தண்ணீர் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்ப்பது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது எல்லாம் சும்மா.

உப்பிய இரண்டு கேனும் சாப்பாட்டுத் தேனாக விற்க வேண்டாம். லேசாகத்தான் புளித்திருக்கிறது என்றால் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து 60 முதல் 65 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கினால் ஈஸ்ட் சாகும், ஆனால் போன மணமும் ருசியும் திரும்பாது. அதைப் பெட்டிக்குள் தீனியாகவும் ஊற்றாதீர்கள், தேனீக்கு வயிற்றுப்போக்கு வரும்.

நல்ல கேன்களை இந்த மழையில் திறந்து திறந்து மூடாமல் இருந்தாலே பாதி காரியம் முடிந்தது. காற்றின் ஈரம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினால் நல்ல தேனும் ஈரத்தை உறிஞ்சும், எடவப்பாதியில் (தென்மேற்குப் பருவமழையில்) நமக்கு அது எப்போதுமே அதற்கு மேலேதான். அதனால் விற்பனைக்கு வேண்டியதை வெயில் உள்ள ஒரு நாளில் மொத்தமாகச் சிறு பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பி மூடிவிடுங்கள். பாட்டிலுக்குள் ஒரு சொட்டு ஈரம் இருக்கக் கூடாது. கண்ணாடி, எவர்சில்வர், உணவுத்தர பிளாஸ்டிக் எதுவும் சரி. பித்தளை, துத்தநாகத் தகரம் கூடாது, தேனில் அமிலம் உண்டு. அப்புறம் ஒன்று, கோபப்படாதீர்கள்: ரப்பர் பால் உறையவிடும் ஆசிட் வந்த கேனைக் கழுவித் தேன் ஊற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரை பக்கமும் வைக்காதீர்கள், புகை வாடை ஏறிவிடும்.

பாட்டிலில் படிந்தது குளுக்கோஸ் உறைந்தது, ரப்பர் தேனின் இயல்பு. 14 டிகிரி அளவில் வேகமாக உறையும், ஆகவே பிரிட்ஜில் வைக்காதீர்கள் என்று வாங்குகிறவர்களிடம் சொல்லுங்கள். மூடியைத் தளர்த்தி 40, 45 டிகிரி வெந்நீரில் பாட்டிலை இறக்கி வைத்தால் கரைந்துவிடும், நேரடித் தீ வேண்டாம். உறைந்ததை அப்படியே நெடுநாள் விடுவதும் நல்லதல்ல. குளுக்கோஸ் அடியில் போனதும் மேலே நிற்கும் தேனில் தண்ணீர் கூடும், புளிப்பு அங்கேதான் ஆரம்பிக்கும். உங்கள் கேன்களின் அடியைத் துழாவிப் பாருங்கள், அங்கேயும் படிந்திருக்கலாம்.

நாள் கணக்கு கேட்டீர்கள். விளைந்த தேன், காற்றுப் புகாத மூடி, வெயில் படாத இடம் என்றால் வருடக்கணக்கில் நிற்கும், நிறம் மட்டும் கறுக்கும், மணம் குறையும். லேபிளில் 18 மாதம் போடுங்கள், போதும். பிறந்த குழந்தை நாக்கில் தடவ என்று கேட்டு வருகிறவர்களிடம் மட்டும் ஒரு வயது ஆகாமல் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள், எவ்வளவு நல்ல தேனாக இருந்தாலும் அதில் குழந்தைக்கு ஆபத்தான கிருமி வித்து இருக்கலாம்.

மீதிக் கேன்களில் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து முகர்ந்து, தண்ணீர் அளவும் பார்த்துவிட்டு எழுதுங்கள். 20 சதவீதத்துக்கு மேல் காட்டுவதை முதலில் பிரித்து வையுங்கள், அடுத்து உப்பப் போவது அதுதான்.