பாட்டியின் டிரங்குப் பெட்டியும் நவ்சாரிக்கு ஒரு கடிதமும்

கேள்வி: மும்பை மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. எனக்கு வயது 36. என் அம்மாவைப் பெற்ற பாட்டி மட்டும் பார்சி, குஜராத்தின் நவ்சாரியில் பிறந்தவர். ரயில்வேயில் வேலை பார்த்த தாத்தாவை 1957-ல் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். பிறந்த வீட்டோடு உறவு அதோடு அறுந்துபோனது. அவரை நாங்கள் 'மமாய்' என்றுதான் கூப்பிடுவோம். போன வருடம் 91 வயதில் காலமானார்.

அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். சின்னப் பை தைத்த மெல்லிய வெள்ளைச் சட்டை ஒன்று, கம்பளி நூலில் நெய்த நீளமான வெள்ளைக் கயிறு, மீன் வடிவத்தில் ஓட்டை போட்ட தகர டப்பா, குஜராத்தியில் எழுதிய ஒரு நோட்டு ஆகியவை இருந்தன. தினமும் காலையில் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அந்தக் கயிற்றை அவிழ்த்து, ஏதோ முணுமுணுத்தபடி மறுபடி கட்டிக்கொள்வார். கேட்டால் "முதுகு வலிக்கு" என்பார். பொங்கலன்று கொள்ளுப்பாட்டி புள்ளிக் கோலம் போட்டால், ஓரத்தில் அந்த டப்பாவைத் தட்டி மீன் வரிசை போடுவாராம்.

மமாயை மின் மயானத்தில் எரித்தோம். பார்சிகள் நெருப்பைத் தெய்வமாகக் கும்பிடுகிறவர்கள், உடலை நெருப்பில் இடமாட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. தப்பு செய்துவிட்டோமா? நானும் பார்சியா? அவர்களுடைய நெருப்புக் கோயிலான அகியாரிக்குள் போகலாமா? மமாயின் உறவுகளைத் தேட ஆசையாக இருக்கிறது. அம்மா கோபப்படுகிறார். அவருக்கு எட்டு வயதில், மமாயின் அப்பா இறந்தபோது நவ்சாரிக்குப் போய் இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார்களாம். "அவங்க வாசல்ல போய் நீயும் நிக்கணுமா?" என்கிறார். என்ன செய்யட்டும்? (பெயர் வேண்டாம்)

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மயானத்து விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். உங்களை உறுத்துவது அதுதான் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை.

பார்சிகளுக்கு நெருப்பு தெய்வமல்ல. அவர்கள் வணங்கும் கடவுளான அஹுரா மஸ்தாவின் ஒளிக்கு அது கண்முன் இருக்கும் அடையாளம். நெருப்பு, நீர், மண் மூன்றையும் பிணத்தால் தீட்டுப்படுத்தக்கூடாது என்பதால்தான் உடலைத் தக்மா என்ற திறந்த வட்டக் கோபுரத்தில் வைத்துக் கழுகுகளுக்கும் வெயிலுக்கும் விடும் வழக்கம் வந்தது. மும்பையில் மலபார் ஹில்லில் இருக்கும் தூங்கர்வாடி அப்படிப்பட்ட இடம்தான். ஆனால் மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தால், செத்த மாடுகளைத் தின்ற கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்துபோயின. 2006-ல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குக் கொடுக்கத் தடை வந்தது. அதற்குள் மும்பை வானத்தில் கழுகே இல்லை. சூரிய ஒளியைக் குவிக்கும் கண்ணாடிகளை வைத்துப் பார்த்தார்கள். அதில் மனம் ஒப்பாதவர்கள் தகனத்துக்கு மாறினார்கள். அவர்கள் சடங்கு செய்வதற்கென்றே 2015-ல் வொர்லி மயானத்தில் ஒரு பிரார்த்தனைக் கூடம் திறக்கப்பட்டது. 2024 அக்டோபரில் ரத்தன் டாடாவுக்கு இறுதிச் சடங்கு நடந்ததும் வொர்லியில்தான். பார்சி முறைப்படி ஜெபித்துவிட்டு மின் தகனம் செய்தார்கள். ஜே.ஆர்.டி. டாடாவின் கல்லறை பாரிஸில் இருக்கிறது. 2008-ல் வெலிங்டனில் காலமான ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷா ஊட்டி பார்சி கல்லறையில் இருக்கிறார். பழைய முறையை விடக்கூடாது என்பவர்கள் இன்றும் அதை விடவில்லை; அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் மமாய் எந்த ஏற்பாட்டையும் கேட்டுவைக்காத நிலையில், கையில் இருந்த வழியில் மரியாதையோடு அனுப்பிவைத்திருக்கிறீர்கள். இதை இனி மனதில் போட்டு உழற்றாதீர்கள்.

அடுத்து, பெட்டி. அந்தச் சட்டையின் பெயர் சுத்ரே. கழுத்துக்குக் கீழே இருக்கும் அந்தச் சின்னப் பை, அன்றன்று செய்த நல்ல காரியங்களைச் சேர்த்துவைப்பதற்காம். நல்ல நினைப்பு, நல்ல சொல், நல்ல செயல் என்று மூன்றே சொல்லில் தங்கள் மதத்தைச் சொல்லிவிடுவார்கள். கயிற்றின் பெயர் கஸ்தி. ஆட்டுக் கம்பளி நூலில், 72 இழையில் நெய்வார்கள். யஸ்னா என்ற வேதப் பகுதியின் 72 அத்தியாயங்களை அது குறிக்கிறது. நவ்சாரிப் பக்கம் புரோகிதர் வீட்டுப் பெண்கள் கையால் நெய்துவந்த கயிறு இது. நவ்ஜோத் என்ற சடங்கில் குழந்தைக்கு முதல்முறை கட்டுவார்கள். அப்புறம் ஆயுள் முழுக்க, வெளிச்சத்தைப் பார்த்து நின்று, அவெஸ்தா மொழி ஜெபத்தைச் சொல்லி, அவிழ்த்து, இடுப்பில் மூன்று சுற்று சுற்றி முடிச்சுப் போடவேண்டும். தீய சக்தியின் பெயர் வரும் இடத்தில் கயிற்று நுனியை ஒரு உதறு உதறுவார்கள். மமாய் உதறுவதைச் சின்ன வயதில் நீங்களும் பார்த்திருப்பீர்கள், யோசித்துப் பாருங்கள்.

முதுகு வலிக்கு என்று சொன்னாரே, அந்த இடத்தில் கொஞ்ச நேரம் கடிதத்தை மூடி வைத்துவிட்டேன். ஊர் விலக்கி வைத்த பிறகும் அவர் தன் ஜெபத்தை விடவில்லை. புகுந்த வீட்டில் யாரையும் சங்கடப்படுத்தவும் இல்லை. உங்களுக்குக் கிடைத்திருக்கும் சொத்து அதுதான் என்பேன். நவ்ஜோத் ஆகாதவர்கள் கட்டும் பொருளல்ல கஸ்தி, அதனால் நீங்கள் கட்டிப் பார்க்கவேண்டாம். சட்டையோடு சேர்த்து நல்ல பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். அந்துருண்டை அதன்மேல் நேராகப் படக்கூடாது.

தகர டப்பா, வாசலில் சுண்ணப்பொடி தட்டுவதற்கானது. பார்சிகள் வாசல் கோலத்தில் மீனுக்குத் தனி மரியாதை உண்டு. ஈரானிலிருந்து வந்த பார்சிகளின் முன்னோர் குஜராத்தின் சஞ்சானில் கரையேறியபோது அங்கிருந்த ராஜா நிபந்தனைகள் விதித்ததாக, 1600 வாக்கில் எழுதிய கிஸ்ஸா-இ-சஞ்சான் என்ற நூல் சொல்கிறது: இந்த ஊர் மொழி பேசணும், பெண்கள் இந்த ஊர் உடை உடுத்தணும், ஆயுதத்தைக் கீழே வைக்கணும், கல்யாணத்தைச் சாயங்காலம் நடத்தணும். பாலில் சர்க்கரைபோல ஊரோடு கலந்துவிடுவோம் என்று ராஜாவுக்கு உணர்த்திய கதையை எல்லாரும் சொல்வார்கள், ஆனால் அந்த நூலில் அது கிடையாது. எனக்கு இந்த நிபந்தனைக் கதைதான் பிடிக்கும். புடவை, குங்குமம், தேங்காய், தோரணம், கோலம் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு, இடுப்புக் கயிற்றை மட்டும் விடாமல் காத்த ஜனங்கள். உங்கள் மமாய் மாட்டுங்காவில் செய்ததும் அதையேதான்.

நோட்டை இன்னும் யாரிடமும் படிக்கக் கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன். குஜராத்தி தெரிந்த, நம்பகமான ஒருவரிடம் காட்டுங்கள். சமையல் குறிப்பாகவும் இருக்கலாம், வீட்டுக் கணக்காகவும் இருக்கலாம். ஆனால் பக்கம் பக்கமாகப் பெயர்கள் மட்டும் ஜோடி ஜோடியாக எழுதியிருந்தால், அது நாம்கிரஹணாக இருக்கக்கூடும். குடும்பத்தில் இறந்தவர்களின் பட்டியல் அது. வருடத்தின் கடைசிப் பத்து நாள், ஆகஸ்ட் நடுவில் வரும் புத்தாண்டுக்கு முன்னால், முக்தாத் என்று பித்ருக்களை வரவேற்று வெள்ளிச் செம்பில் பூ வைப்பார்கள். அப்போது புரோகிதர் வாசிப்பது இந்தப் பெயர்களைத்தான். பெயருக்கு முன்னால் 'பெஹ்தின்' என்றிருந்தால் சாதாரணக் குடும்பம், 'ஏர்வத்' என்றிருந்தால் புரோகிதர் குடும்பம். ஒரு பெயரை அடுத்து அப்பா பெயர் வரும் என்பதால் அதுவே ஒரு வம்சாவளி மாதிரி. உறவுகளைத் தேட இதைவிட நல்ல துப்பு உங்களுக்குக் கிடைக்காது.

சரி, நீங்கள் பார்சியா? சமூகமும் சட்டமும் வைத்திருக்கும் கணக்குப்படி இல்லை. வருத்தமாக இருந்தாலும் இதைத் தெளிவாகத் தெரிந்துகொண்டு கிளம்புவதுதான் உங்களுக்கு நல்லது. ஜே.ஆர்.டி.யின் அம்மா சூசான் பிரியேர், பிரெஞ்சுக்காரர். நவ்ஜோத் செய்துகொண்டு மதத்துக்கு வந்தவர். அவருக்குச் சமூகத்தின் கோயில்களிலும் தக்மாவிலும் உரிமை உண்டா என்ற சர்ச்சையில் எழுந்த வழக்கில், 1908-ல் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதிகள் தாவரும் பீமனும் தீர்ப்புச் சொன்னார்கள். பார்சிகளின் மதமான ஜொராஸ்ட்ரிய மதத்துக்கு மாறுவது வேறு, பார்சியாக இருப்பது வேறு என்றார்கள். பார்சி அப்பாவுக்கும் வெளி அம்மாவுக்கும் பிறந்து, முறைப்படி சேர்க்கப்பட்ட குழந்தை உள்ளே. பார்சி அம்மாவுக்கும் வெளி அப்பாவுக்கும் பிறந்தால் வெளியே. உங்கள் அம்மாவைப் பெஞ்சில் உட்காரவைத்தது இந்தக் கோடுதான்.

இது அநியாயம் என்பதே என் கருத்து. ஒரே வீட்டில் அண்ணன் பிள்ளை உள்ளே, தங்கை பிள்ளை வெளியே என்பதற்கு என்ன நியாயம் சொல்லமுடியும்? பார்சிப் பெண்களே இதை எதிர்த்துப் போராடுகிறார்கள். வல்சாடைச் சேர்ந்த குல்ரோக் குப்தா இந்துவை மணந்தவர், தன் மதத்தை விடாதவர். கல்யாணத்தோடு அவர் மதம் கணவர் மதத்தில் கலந்துவிட்டது என்று 2012-ல் குஜராத் உயர் நீதிமன்றம் சொன்னது. அவர் உச்ச நீதிமன்றம் போனார். கல்யாணத்தால் ஒரு பெண் தன் அடையாளத்தை இழந்துவிடுவதில்லை என்று அங்கே நீதிபதிகள் பேசினார்கள். பெற்றோரின் இறுதிச் சடங்கில் அவர் கலந்துகொள்ளலாம் என்று 2017 டிசம்பரில் வல்சாட் பார்சி அறக்கட்டளை ஒத்துக்கொண்டது. இதை உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள். அவருக்கு நடந்தது தவறு என்று அந்தச் சமூகத்துப் பெண்களே கோர்ட்டில் நின்று சொல்லியிருக்கிறார்கள் என்பது அவர் காதில் விழவேண்டும்.

கதவை ஏன் இவ்வளவு இறுக்கி வைத்திருக்கிறார்கள் என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். 1941 கணக்கெடுப்பில் இந்தியாவில் 1,14,890 பார்சிகள் இருந்தார்கள். 2011-ல் 57,264 பேர். பிறப்பைக் கூட்டுவதற்காக 2013-ல் மத்திய அரசு 'ஜியோ பார்சி' என்று ஒரு திட்டமே தொடங்கவேண்டி வந்தது. குறைகிறோம், கரைந்துவிடுவோம் என்ற பயம் நிஜம். அந்தப் பயத்தில் பேத்திகளைத் தள்ளி வைப்பதுதான் சரியில்லை.

அகியாரிக்குள் போகாதீர்கள். பெட்டியைக் காட்டியோ, பார்சிபோல உடுத்தியோ நுழைய நினைக்கவே வேண்டாம். வேற்று மதத்தவருக்கு அனுமதி இல்லை என்று வாசலிலேயே எழுதியிருப்பார்கள். மமாய் மதித்த இடத்தில் பொய் சொல்லி நுழைவது அவருக்கும் பிடித்திருக்காது. எல்லாரையும் அனுமதிக்கும் இடங்களும் உண்டு. டெல்லி அஞ்சுமன், அதாவது பார்சி சமூகச் சங்கம், நடத்தும் கோயில் அப்படி. புனேயில் 2017-ல் திறந்த ஆஷா வஹிஷ்தாவும் அப்படி. ஆனால் அதற்கெல்லாம் முன்னால் உங்கள் ஊரிலேயே இருக்கும், பார்சிகளைப் பற்றிய அல்பைவாலா மியூசியத்துக்குப் போங்கள், கரேகாட் காலனியில் இருக்கிறது. அப்புறம் ஒரு நாள் நவ்சாரி. 1872-ல் தொடங்கிய மெஹர்ஜிரானா நூலகம் அங்கே இருக்கிறது. பழைய கையெழுத்துப் பிரதிகளையும் குடும்ப வரலாறுகளையும் காத்துவரும் இடம். ஜாம்ஷெட்ஜி டாடா பிறந்த வீடும் அந்த ஊரில்தான். சூரத் போகும் லைனில் உத்வாடாவைத் தாண்டிப் போகவேண்டும். பார்சிகள் மிகப் புனிதமாகப் போற்றும் ஈரான்ஷா நெருப்பு 1742 முதல் எரிந்துகொண்டிருக்கும் ஊர் உத்வாடா. கோயிலுக்குள் போகமுடியாது என்றாலும் அந்தத் தெருக்களில் நடந்துவிட்டு வரலாம்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். எட்டு வயதில் பட்ட அவமானம் அது. "பழசை மறந்துடும்மா" என்று சொல்லாதீர்கள். அன்று என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள், மமாய் ரயிலில் திரும்பும்போது அழுதாரா என்று உட்கார்ந்து கேளுங்கள். முழுசாகச் சொல்ல அவருக்கு யாரும் இடம் கொடுத்திருக்கமாட்டார்கள். கேட்ட பிறகும் அவர் வேண்டாம் என்றால், வற்புறுத்தி அழைத்துப்போக வேண்டாம். நீங்கள் போவதை மட்டும் மறைக்காதீர்கள்.

உறவுகளுக்கு எழுதுங்கள். நேரில் போய்க் கதவைத் தட்டவேண்டாம். நோட்டில் கிடைத்த பெயர்களோடு நவ்சாரி அஞ்சுமனுக்கு ஒரு கடிதம் போட்டு, இந்தக் குடும்பத்தார் யாராவது இருந்தால் சேர்த்துவிட முடியுமா என்று கேளுங்கள். குஜராத்தியில் எழுதவைத்தால் நல்லது. ஒரே பக்கம் போதும். நான் இன்னாருடைய மகள் வயிற்றுப் பேத்தி, அவர் இந்தத் தேதியில் காலமானார், கடைசி வரை கஸ்தி கட்டினார் என்று எழுதுங்கள். மமாயின் பழைய போட்டோ ஒன்றின் நகல் வையுங்கள். சொத்து எதுவும் கேட்டு வரவில்லை, அவரைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். இத்தனை வருடம் கழித்து வரும் சொந்தம் என்றால் எந்தக் குடும்பத்திலும் முதலில் எழுவது அந்தச் சந்தேகம்தான். 1957-ல் அவர்கள் செய்ததைப் பற்றி முதல் கடிதத்தில் ஒரு வார்த்தையும் வேண்டாம். பேச்சு வளர்ந்தால் அதற்கும் ஒரு நாள் வரும், அப்போது நீங்கள் மென்று முழுங்கத் தேவையில்லை.

அன்று முடிவெடுத்தவர்கள் யாரும் இன்று உயிரோடு இருக்கமாட்டார்கள். மமாயின் அண்ணன் தம்பி பேரப்பிள்ளைகள் உங்கள் வயதில் இருப்பார்கள், அவர்களுக்கு இப்படி ஒரு அத்தைப்பாட்டி இருந்ததே தெரியாமல்கூட இருக்கலாம். அவர்களில் ஒருவர் போன் செய்தாலும் போதும். பதிலே வரவில்லை என்றால் ஆறு மாதம் பொறுத்து இன்னொரு கடிதம் போடுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் மூன்றாவது வேண்டாம். வருகிற ஆகஸ்டில் முக்தாத் நாட்களில் வீட்டிலேயே ஒரு செம்பில் பூ வைத்து, அந்த நோட்டில் பெயர்கள் இருந்தால் அவற்றோடு மமாயின் பெயரையும் சேர்த்துப் படியுங்கள். அதற்கு எந்த அஞ்சுமனின் அனுமதியும் தேவையில்லை.