கேளுங்க சொல்றேன்: பிரேசில் பாட்டியும் எங்க தெரு கடுதாசியும்

போன இதழ்ல ஒரு கேள்விக்கு பதில் சொல்லும்போது போற போக்குல பிரேசில் நடிகை ஃபெர்னாண்டா மொன்டெனெக்ரோ பேரை சொல்லி வச்சேன், அவ்ளோதான், பாலக்காட்டு பார்டர்ல இருக்கற நம்ம ஆளுங்க அத்தனை பேரும் ஃபோனை கையில எடுத்துட்டாங்க. அதனால இந்த வாரம் முச்சூடும் அவங்கதான். மாடு, மழை, மாமியார் கேள்விங்க எல்லாம் அடுத்த வாரம் (மாமியார் ஒருத்தர் மட்டும் எப்படியோ உள்ள வந்துட்டாங்க, கீழ பாருங்க).

அண்ணா, வேர்ல்டு கப் வந்தா எங்க ஊர்ல முக்குக்கு முக்கு பிரேசில் கொடி, நெய்மார் கட்அவுட். நீங்க என்னடான்னா பாட்டி நடிகைன்னு எழுதறீங்க. யாருங்க அவங்க?
*கொழிஞ்சாம்பாறை வாசகர்*

கொடி கட்டற கூட்டத்துல நானும் உண்டு தம்பி, 2002-ல எங்க வீட்டு தென்னை மரத்துலயே மஞ்சக்கொடி பறந்துச்சு. ஆனா மேட்ச் இல்லாத நாள்ல பிரேசில்காரங்க ராத்திரி என்ன பண்ணுவாங்கன்னு நினைக்கறே? நம்மள மாதிரியேதான், டிவி முன்னாடி உட்கார்ந்து சீரியல். அங்க அதுக்கு பேரு நொவேலா.

இந்தம்மா அந்த டிவி பொறந்தப்போ பிரசவம் பாத்தவங்கன்னு வச்சுக்கோ. டூப்பின்னு ஒரு டிவி கம்பெனி 1950 செப்டம்பர்ல சாவ் பாவ்லோவுல ஆரம்பிச்சாங்க, தென்னமெரிக்காவுலயே மொதல் ஸ்டேஷன் அது. அடுத்த வருஷம் ரியோவுக்கு வந்தாங்க, அங்க கான்ட்ராக்ட் போட்டு எடுத்த மொதல் நடிகை இவங்க. 1929 அக்டோபர்ல ரியோவோட புறநகர்ல பொறந்தவங்க, அப்பா மெக்கானிக், வீட்ல வச்ச பேரு ஆர்லெட். பதினஞ்சு வயசுல ரேடியோவுக்கு போனாங்க, அங்கதான் குரலும் உச்சரிப்பும் தேறுச்சு. ஃபெர்னாண்டாங்கற பேரு பழைய நாவல் கதாநாயகி மாதிரி இருக்குன்னு எடுத்துக்கிட்டது, மொன்டெனெக்ரோ வீட்ல அடிக்கடி பேசிக்கிட்ட ஒரு டாக்டரோட பேரு. பேர் ராசி பாத்து நாலு எழுத்து கூட்டி குறைக்கற நம்மாளுங்களுக்கு இது தெரிஞ்சா நல்லது.

அப்போ வீடியோ டேப்பெல்லாம் வரல. டிவில நாடகம்னா நேரா லைவ்தான். வசனம் மறந்தா மறந்ததுதான், ஊரே பாத்துக்கிட்டு இருக்கும். அந்த லைவ் நாடகத்துல வருஷக்கணக்கா நின்னவங்களுக்கு பின்னாடி எந்த கேமராவும் பயமா இருந்திருக்காது.

மனோரமா ஆச்சி மாதிரியா, கே.பி.ஏ.சி. லலிதா சேச்சி மாதிரியா?
*வேலந்தாவளம் வாசகி*

பார்டர்ல உட்கார்ந்தா இந்த மாதிரி ரெண்டு பக்கமும் காலை வச்சுத்தான் கேள்வி வரும்! என்னை கேட்டா லலிதா சேச்சிதான் கிட்ட வர்றாங்க. நாடகக்குழு பேரையே தன் பேருக்கு முன்னாடி சுமந்தவங்க அவங்க. இவங்களும் எத்தனை டிவி சினிமான்னு போனாலும் நாடக மேடைய விடல. 1959-ல வீட்டுக்காரரும் கூட்டாளிங்களும் சேர்ந்து 'ஏழு பேர் நாடகம்'னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு குழு ஆரம்பிச்சாங்க. 2024-ல சாவ் பாவ்லோவுல ஒரு பார்க்குல உட்கார்ந்து பிரெஞ்சு எழுத்தாளர் சிமோன் தெ பொவ்வாரோட எழுத்தை வாசிச்சாங்க, 15,000 பேர் புல்தரையில உட்கார்ந்து கேட்டாங்களாம். டான்ஸ் இல்ல பாட்டு இல்ல, 94 வயசு பாட்டி பேப்பர் பாத்து படிக்கறதை கேக்க அத்தனை கூட்டம். நம்ம ஊர் புத்தகத் திருவிழாவுல எழுத்தாளர் பேசும்போது பஜ்ஜிக்கடையில எத்தனை பேர் நிப்போம்னு நினைச்சுக்கிட்டேன், நானும் அதுல ஒருத்தன்.

வீட்டுக்காரர் ஃபெர்னாண்டோ டோரெஸ், நடிகர், டைரக்டர். ஐம்பது வருஷத்துக்கு மேல ஒண்ணா இருந்தாங்க, 2008-ல அவர் போயிட்டார். அம்மா ஃபெர்னாண்டா, அப்பா ஃபெர்னாண்டோ, பொண்ணு மறுபடியும் ஃபெர்னாண்டா. நம்ம ஊர் ரேஷன் கார்டுல போட்டா கடைக்காரர் தலைய சொறிவாரு.

என் மாமியார் சாயங்காலம் ஆறு மணிக்கு ரிமோட்டை பிடிச்சா பத்தரைக்குத்தான் விடறாங்க. ஒரே சீரியல் ஆறு வருஷமா ஓடுது. பிரேசில்லயும் இப்படித்தானா?
*கோபாலபுரம் வாசகி*

உங்களுக்கு வயித்தெரிச்சல் வரும்னு தெரிஞ்சே சொல்றேங்க. அங்க வாரத்துல ஆறு நாள் ஓடும், ஆனா ஆறேழு எட்டு மாசத்துல முடிச்சு கும்பிடு போட்டுடுவாங்க. முடியும்னு எல்லாருக்கும் தெரியும், அதனால கடைசி எபிசோடு அன்னிக்கு ஊரே வீட்டுக்குள்ள இருக்கும். குளோபோங்கற சேனல் 1965-ல வந்த பிறகு இதை ஒரு ஃபேக்டரி மாதிரி நடத்தறாங்க, எழுதறவர் ஜனங்க என்ன பேசிக்கறாங்கன்னு காதுல வாங்கிக்கிட்டே மேல மேல எழுதுவாரு.

இன்னொண்ணு முக்கியமா சொல்லணும். நாடகத்துல பெரிய பேர் வாங்கின ஆளுங்க நம்ம பக்கம் சீரியலுக்கு வந்தா, வீட்டு லோனுக்காக வந்தேன்ற மாதிரி ஒரு மூஞ்சி வச்சுப்பாங்க. இந்தம்மாவுக்கு அந்த மூஞ்சியே கிடையாது. 1983-ல ஒரு காமெடி சீரியல், ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் நடக்கற சண்டைதான் கதை. ரெண்டு கசின்ஸ், ஒரு காலத்துல காதலிச்சவங்க வேற, மாமன் போகும்போது கடைய ரெண்டு பேருக்கும் சேத்து எழுதி வச்சிட்டாரு. அவங்களுக்கு ஜோடியா பவுலோ ஆட்ரன், மேடையில ராஜா வேஷமெல்லாம் கட்டின பெரிய ஆளு. ஒரு நாள் காலையில டிபன் சாப்பிட உக்காருவாங்க, நீளமான மேஜை, வெள்ளை துணி, வெள்ளி கெட்டில், ரெண்டு பேரும் மரியாதையாத்தான் ஆரம்பிப்பாங்க, ஒரு வார்த்தை தடிக்கும், அப்புறம் ஒண்ணு பறக்கும், அப்புறம் மேஜைல இருக்கற பழம் ஜூஸ் கேக்குன்னு ஒண்ணு விடாம ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர். அம்பத்து மூணு வயசு நடிகை, அறுபதை தாண்டின நடிகர், தலையில இருந்து வழிய வழிய அதே கௌரவத்தோட நிமிந்து உட்கார்ந்திருப்பாங்க, சிரிப்பே அதுலதான். நாப்பது வருஷம் ஆச்சு, பிரேசில்ல டிவி பத்தி பேச்சு வந்தா இந்த சீன் வராம போகாது.

வில்லியாவும் கலக்கியிருக்காங்க. 2005-ல ஒரு சீரியல்ல பியா ஃபால்கோன்னு பணக்கார பாட்டி, கொலை வரைக்கும் போற ஆளு. நம்ம சீரியலா இருந்தா கடைசில ஜெயிலு, இல்ல பேத்தி கால்ல விழுந்து கண்ணீர். அந்த பாட்டி பாரிசுக்கு தப்பிச்சுப் போயி பேரன் வயசு பையன் கூட ஜாலியா இருக்கறதோட கதை முடியும். உங்க மாமியார்கிட்ட இதை சொல்லிடாதீங்க.

அவங்க நடிச்சதுல ஒண்ணே ஒண்ணு பாக்கணும்னா எதை பாக்கறது? சப்டைட்டில் படிக்க பொறுமை இருக்கு.
*சித்தூர் வாசகர் (பாலக்காடு சித்தூர், ஆந்திரா இல்ல)*

'சென்ட்ரல் டோ பிரசில்', 1998, வால்டர் சாலஸ் டைரக்‌ஷன். ரியோவோட பெரிய ரயில் ஸ்டேஷன்ல ஒரு சின்ன மேஜை போட்டு உட்கார்ந்திருக்கற ரிட்டயர்டு டீச்சர் டோரா, எழுத்து தெரியாதவங்களுக்கு கடுதாசி எழுதிக் கொடுத்து காசு வாங்கறவ. உங்க ஊர் தாலுக்கா ஆபீஸ் முன்னாடி மனு எழுதறவங்க இருப்பாங்கல்ல, அந்த மாதிரி. ஷூட்டிங்குக்கு மேஜை போட்டப்போ நெசமாவே எழுத்து தெரியாத ஜனங்க வந்து, எனக்கும் ஒண்ணு எழுதிக் கொடுங்கன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்களாம், அந்த மூஞ்சிங்கள்ல சிலது படத்துலயே இருக்கு. கூட நடிச்ச பையன் ஏர்போர்ட்ல ஷூ பாலிஷ் போட்டுக்கிட்டு இருந்தவன்.

டோரா நல்லவ இல்ல. அதுதான் விஷயம். ராத்திரி வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டுக்காரி கூட உட்கார்ந்து கடுதாசிங்கள படிச்சு சிரிப்பா, புடிக்காததை கிழிச்சுப் போடுவா, மிச்சத்தை டிராயர்ல அடைச்சிடுவா. ஸ்டாம்புக்கு வாங்கின காசு அவளுக்கு.

இந்த டிராயரை பாத்தப்போ எனக்கு வயித்துல என்னமோ பண்ணுச்சு, காரணம் இருக்கு. எனக்கு பத்து பதினொரு வயசு இருக்கும். எங்க வீட்ல இருந்து நாலு வீடு தள்ளி ஒரு ஆத்தா, மகன் கல்ஃப்ல டிரைவர். அவன் மலையாளம் மீடியத்துல படிச்சவன், கடுதாசி மலையாளத்துலதான் வரும், ஆத்தாவுக்கு தமிழே எழுத்துக்கூட்ட வராது அப்புறம் மலையாளம் எங்க, அதனால கவர் வந்தா கையில புடிச்சுக்கிட்டு நேரா எங்க திண்ணைக்கு வந்துரும். நான் மலையாளத்துல படிச்சு தமிழ்ல சொல்லணும், கூலி ஒரு கடலை மிட்டாய். ஒருக்கா ஓணத்துக்கு வர முடியாது, லீவு இல்லேன்னு எழுதியிருந்தான். ஆத்தா என் வாயையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. எனக்கு சொல்ல வரல. வர்றேன்னு எழுதியிருக்காருன்னு சொல்லிட்டேன்.

ஆத்தா ஒரு சேவலை அடிக்காம அவனுக்குன்னு வச்சிருந்துச்சு, வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் காட்டும். திருவோணம் வந்துச்சு, போச்சு. என்னை ஒரு வார்த்தை திட்டல. அடுத்த கடுதாசி வந்தப்போ ஆத்தா எங்க திண்ணையை தாண்டி வாத்தியார் வீட்டுக்கு போறதை ஜன்னல்ல இருந்து பாத்தேன்.

படத்துல அந்தம்மா நடிப்புன்னு தனியா ஒண்ணும் தெரியாதுங்க. யாராவது அழுதுக்கிட்டே சொல்லச் சொல்ல அவங்க எழுதுவாங்க, மூஞ்சில ஒரு ஈ ஓட்டற சலிப்பு மட்டும் இருக்கும். அந்த சலிப்பு எப்போ கரையுதுன்னு நம்மளால விரல் வச்சு காட்ட முடியாது, ஆனா கடைசில பஸ்ல உட்கார்ந்து தானே ஒரு கடுதாசி எழுதும்போது அது வேற பொம்பளை.

அதுக்கு ஆஸ்கார் கிடைச்சுதா?
*கொல்லங்கோடு வாசகர்*

இல்ல. பெர்லின் படவிழாவுல சிறந்த நடிகை விருது கிடைச்சுது, படத்துக்கும் அங்க இருக்கறதுலயே பெரிய விருதான தங்கக்கரடி. ஆஸ்கார்ல சிறந்த நடிகை லிஸ்டுல பேர் வந்துச்சு, பிரேசில் நடிகை ஒருத்தர் அந்த லிஸ்டுக்கு போனது அதான் மொதல் தடவை, அப்போ வயசு 69. 1999 மார்ச்ல விருதை க்வினெத் பால்ட்ரோ வாங்கிட்டு போனாங்க. 1998 ஃபைனல்ல ஜிடான் தலையால முட்டின ரெண்டு கோலை கூட பிரேசில்காரங்க மறந்துடுவாங்க, இதை மறக்க மாட்டாங்க.

அரசியலுக்கு வந்தாங்களா? நடிச்சா அடுத்து அதானே!
*மீனாட்சிபுரம் வாசகர்*

1985-ல ராணுவ ஆட்சி முடிஞ்சதும் கலாச்சார மந்திரி ஆகுங்கன்னு ஜனாதிபதி சார்னேயே கூப்பிட்டாரு. வேண்டாம்னுட்டாங்க, நாடகத்துக்கு போயிட்டாங்க. ஆச்சரியமா இருக்குல்ல? எனக்கும்தான்.

வயசான நடிகைக்கு நம்ம டிவில சோபாவுல உட்கார்ந்து கண்ணை தொடைக்கற வேலைதான். அங்க என்ன குடுப்பாங்க?
*வண்ணாமடை வாசகி, ரிட்டயர்டு டீச்சர்*

டீச்சரம்மா, கேள்வியிலயே பதில் இருக்கு. 2012-ல ஒரு டிவி படம், 85 வயசு பாட்டி, கூட இருந்த வேலைக்கார பொண்ணு கல்யாணம் பண்ணிட்டு போயிடுது, இப்போ பாட்டிய யார் வீட்ல வச்சுக்கறதுன்னு நாலு புள்ளைங்களுக்கும் ரோசனை. நம்ம ஊர் கதைதான? ஆனா அழுகாச்சி இல்ல, பாட்டிதான் அதுல இருக்கறதுலயே குறும்புக்காரி. அதுக்கு 2013-ல டிவிக்காரங்களுக்கு தர்ற இன்டர்நேஷனல் எம்மி விருது வாங்கினாங்க, சிறந்த நடிகை, 84 வயசுல.

எல்லாம் பூமாலையா வரல. 2015-ல ஒரு சீரியல்ல அவங்களும் அவங்க வயசே ஆன நதாலியா டிம்பெர்க்கும் ரொம்ப வருஷமா சேர்ந்து வாழற ஜோடியா வந்தாங்க, மொதல் எபிசோடுலயே ரெண்டு பாட்டிங்களும் ஒரு முத்தம். சர்ச் ஆளுங்க, எம்.பி.ங்க எல்லாம் சேனலை புறக்கணிக்க சொல்லி கிளம்பிட்டாங்க. கொலை பண்ற பாட்டி பாரிசுக்கு போனப்போ சும்மா இருந்த ஜனங்கதான் இது. 2025-ல வந்த இன்னொரு படத்துல ஜன்னல் வழியா போதைமருந்து கும்பலை வீடியோ எடுத்து மாட்டி விடற கிழவி வேஷம், நிஜமா நடந்த கதை. படம் ரிலீசாகும்போது 95 வயசு. எனக்கு இப்பவே மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது.

பொண்ணும் நடிகைன்னு சொன்னீங்களே?
*கொழிஞ்சாம்பாறை வாசகி*

ஃபெர்னாண்டா டோரெஸ். இருபது வயசுலயே, 1986-ல, கான் படவிழாவுல சிறந்த நடிகை விருதை பங்கு போட்டவங்க, அதனால அம்மா பேரால வந்தவங்கன்னு யாரும் சொல்லிட முடியாது. 2024-ல அதே வால்டர் சாலஸ் 'நான் இன்னும் இங்கேதான்'ங்கற அர்த்தம் வர்ற பேர்ல ஒரு படம் எடுத்தாரு. 1971-ல ராணுவக்காரங்க வீட்டுக்கு வந்து ரூபென்ஸ் பைவாங்கற முன்னாள் எம்.பி.ய கூட்டிட்டு போறாங்க, திரும்பவே இல்ல. அஞ்சு புள்ளைங்களோட நின்ன அவர் சம்சாரம் யூனிஸ், பொறகு வக்கீலுக்கு படிச்சு, வீட்டுக்காரர் செத்துட்டாருன்னு ஒரு சர்டிபிகேட் வாங்கவே இருபத்தஞ்சு வருஷம் அலைஞ்சவங்க. ஒரு பேப்பருக்காக ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கின நம்ம ஆளுங்களுக்கு அந்த சீன் வந்தா தொண்டை அடைக்கும்.

யூனிஸா மக நடிச்சாங்க. கோல்டன் குளோப் வாங்கினாங்க, ஆஸ்கார் நடிகை லிஸ்டுக்கும் போனாங்க, அம்மா அந்த லிஸ்டுக்கு போயி 26 வருஷம் கழிச்சு. அவங்களுக்கும் அது கிடைக்கல, ஆனா படத்துக்கு வெளிநாட்டுப் பட ஆஸ்கார் கிடைச்சுது, பிரேசிலுக்கு அதான் மொதல்.

கடைசில யூனிஸுக்கு வயசாகி ஞாபகம் போயிடும், அங்க மட்டும் அம்மா வர்றாங்க. சில நிமிஷம்தான், வசனம் கிடையாது. சக்கர நாற்காலில உட்கார வச்சிருப்பாங்க, குடும்பம் அக்கட்டால பேசி சிரிச்சுக்கிட்டு இருக்கும், டிவி பாட்டுக்கு ஓடும். நியூஸ்ல ராணுவ ஆட்சியில காணாமப் போனவங்களை பத்தி சொல்லும்போது ஸ்க்ரீன்ல வீட்டுக்காரர் ஃபோட்டோ வரும். 1951-ல டிவிக்குள்ள போன பொம்பளை, இப்போ வெளிய உட்கார்ந்து அதை பாக்கறாங்க. கண்ணு மட்டும் கொஞ்சம் அசையும். சப்டைட்டில் படிக்கற வேலையே இல்ல, பாருங்க.