பேசப் போகட்டுமா, அக்கா?

கேள்வி: நான் கருங்கல் பக்கம். வயது 38. அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) வேலை. எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, அதை அடக்கிவைக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரையை 11 வருஷமாகச் சாப்பிடுகிறேன். வீட்டுக்காரர் இறந்துவிட்டார். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அவளுக்கு என் விஷயம் தெரியும், ஊருக்குத் தெரியாது. எச்.ஐ.வி. உள்ளவர்களின் பாசிட்டிவ் சங்கத்தில், எச்.ஐ.வி. தடுப்பு பற்றி ஊரில் பேச எங்களைப் போன்றவர்களுக்கே ஐந்து நாள் பயிற்சி தருகிறோம், வா என்கிறார்கள். ஆசைதான். ஆனால் நாளைக்கு மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது இது குறுக்கே வந்து நிற்காதா? பத்தாவது ஃபெயில் வேறு, எனக்கு என்ன பேச வரும்?

பதில்: தங்கச்சி, பயிற்சிக்குப் போங்கள், மேடைக்குப் போகாதீர்கள். இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் நீங்கள் குழம்பியிருக்கிறீர்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் மார்த்தாண்டத்தில் ஒரு டிசம்பர் 1, எய்ட்ஸ் தினக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரு தம்பியை மேடையேற்றி, அவருக்கு எப்படி வந்தது என்று மைக்கில் சொல்லவைத்து, பொன்னாடை போர்த்தினார்கள். நாங்கள் கை தட்டினோம். இடைவேளையில் எல்லாருக்கும் கண்ணாடி கிளாசில் சாயா வந்தது. அவருக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு பேப்பர் கப்பைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார்கள். பொன்னாடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் அதைக் குடித்தார். (நானும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.)

ஊருக்கு உதவுகிற வேலை பெரும்பாலும் மைக் இல்லாமல்தான் நடக்கிறது. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் மாத்திரைக்குக் காத்திருக்கும்போது, போன வாரம் ரிசல்ட் வந்து ஷாலால் பாதி முகத்தை மூடிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பாளே, அவளிடம் டாக்டர் எவ்வளவு சொன்னாலும் ஏறாதது, "எனக்குப் 11 வருஷம் ஆச்சு மக்கா, நேத்தும் வேலைக்குப் போனேன்" என்று நீங்கள் சொன்னால் ஏறும். நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க ஆழ்கடலுக்குத் தங்கல் போகிறவர் அத்தனை நாள் மாத்திரையைப் போட்டில் எங்கே வைப்பது, கூடப் போகிறவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை, அதைச் சாப்பிட்டு வாழ்கிறவருக்குத்தான் தெரியும். இதில் பத்தாவது ஃபெயில் எங்கே வந்தது?

1998-ல் கௌசல்யா பெரியசாமியும் இன்னும் சில பெண்களும் சென்னையில் பாசிட்டிவ் பெண்களுக்கென்றே ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். அரசு இலவசமாக ஏ.ஆர்.டி. கொடுக்க ஆரம்பித்ததே 2004-ல்தான். கையில் மாத்திரை இல்லாத காலத்தில் அவர்கள் பேசினார்கள். உங்களிடம் சொல்வதற்கு அதைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது, மாத்திரையே தடுப்பு என்பது. ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. இருந்த 1,763 ஜோடிகளை வைத்து ஒன்பது நாடுகளில் ஒரு ஆய்வு நடந்தது, சென்னையும் அதில் உண்டு. உடனே மாத்திரை தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைந்தது என்று 2011-ல் சொன்னார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் சந்தேகத்துக்கே இடம் வைக்கவில்லை: விடாமல் சாப்பிட்டு, வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு, டெஸ்டில் தெரியாத அளவுக்கு இறங்கி, அப்படியே நின்றால் உடலுறவு மூலம் தொற்றாது. ஒரே ஊசியைப் பலர் போடுவது, தாய்ப்பால் கொடுப்பது, இவற்றின் கணக்கு வேறு. மற்ற பால்வினை நோய்களுக்கு ஆணுறை வேண்டும். இதைத் தடுமாறாமல் சொல்லத்தான் பயிற்சி. கொசு கடித்தால் வருமா, ஒரே குளத்தில் குளித்தால் வருமா என்று கேட்பார்கள், வராது. ஆணுறை கிழிந்துவிட்டதே என்று ஒருவர் ஓடி வந்தால், 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கணும், இப்போதே டாக்டரிடம் போ என்று அனுப்பத் தெரியணும். ஆணுறையை மரத்துண்டில் மாட்டிக் காட்டச் சொன்னால் முதல் நாள் வகுப்பே சிரிக்கும், மூன்றாம் நாள் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

சரி, மகள் கல்யாணம். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, கோர்ட் உத்தரவு இருந்தால் தவிர, உங்கள் நிலையைச் சொல் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் சட்டம் மாப்பிள்ளை வீட்டார் வாயைக் கட்டாது. அதனால் போவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்: போட்டோ எடுப்பீர்களா? எடுத்தால் எங்கே போகும்? வாட்ஸ்அப் குரூப்பில் என் நம்பர் இருக்குமா? என்னை எங்கள் ஊருக்கே அனுப்புவீர்களா? தக்கலையோ குலசேகரமோ என்றால் பரவாயில்லை, கருங்கல் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. முணுமுணுத்தால் அந்தப் பயிற்சியே வேண்டாம்.

வீட்டுக்காரரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். அவருக்கு எப்படி வந்தது என்று கட்டாயம் கேட்பார்கள், கூட்டத்துக்கு அதில்தான் ருசி. அவர் உங்கள் மகளுக்கு அப்பா. அந்தக் கதையை யாருக்கும் கொடுக்காதீர்கள், "எனக்கு இருக்கு, மாத்திரை சாப்பிடுறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சங்கத்துக்குப் பதில் சொல்வதற்கு முன் மகளிடம் கேளுங்கள். விஷயம் தெரிந்த பிள்ளை, அவளுக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கும். பரீட்சை முடியட்டும் அம்மா என்றால் அடுத்த பயிற்சிக்குப் போகலாம்.

அப்புறம் ஒன்று. ஐந்து நாள் என்றால் அண்டி ஆபீசில் ஐந்து நாள் கூலி போகும். பஸ் கூலியும் படியும் எவ்வளவு தருவார்கள் என்று கூச்சப்படாமல் முதலிலேயே கேளுங்கள், சேவைதானே என்று இழுத்தால் உங்கள் கூலியைச் சொல்லிப் பேசுங்கள்.