ரீகால் ஆன மின்சாரக் காரை வாங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (கோவையிலிருந்து): 2023 மாடல் ஹுண்டாய் ஐயோனிக் 5 ஒன்று செகண்ட் ஹேண்டில் வந்திருக்கிறது. ஓட்டிப் பார்த்தேன், பிடித்துவிட்டது, விலையும் புதுசை விட ரொம்பக் குறைவு. ஆனால் மச்சான், "அது ரீகால் ஆன வண்டி, தொடாதே" என்கிறார். புரோக்கர், "அதெல்லாம் சும்மா சாஃப்ட்வேர் விஷயம் சார்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மச்சான் சொன்னது பாதி சரி, புரோக்கர் சொன்னது கால்வாசி சரி. ரீகால் என்றால், தயாரிப்பில் குறை இருப்பது தெரிந்து, விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்துக் கம்பெனியே சரிசெய்து தருவது. 2024 ஜூனில் ஹுண்டாய் இந்தியா 1,744 ஐயோனிக் 5 கார்களை ரீகால் செய்தது. 2022 ஜூலை 21 முதல் 2024 ஏப்ரல் 30 வரை தயாரானவை, எல்லாம் நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அசெம்பிள் செய்த வண்டிகள். நீங்கள் பார்த்த 2023 வண்டி அந்தக் கணக்கில் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

குறை எதில் என்றால், ஐசிசியு என்று ஒரு பெட்டியில். அதற்கு இரண்டு வேலை. வீட்டு பிளக்கில் வருகிற ஏசி கரண்டை மாற்றிப் பெரிய பேட்டரிக்கு ஏற்றுவது ஒன்று. அந்தப் பெரிய பேட்டரியிலிருந்து எடுத்து, எல்லாக் காரிலும் இருக்கிற சாதாரண 12 வோல்ட் பேட்டரியைச் சார்ஜில் வைத்திருப்பது இன்னொன்று, அதாவது பெட்ரோல் காரில் ஆல்டர்னேட்டர் பார்க்கிற வேலை. சூடேறி ஆறுவதும் திடீரென்று எகிறும் வோல்டேஜும் சேர்ந்து நாளடைவில் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்களைக் கெடுத்துவிடுகின்றன. கெட்டுவிட்டால் 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் போகாது. வண்டியின் கம்ப்யூட்டர்கள், விளக்குகள், பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் சுவிட்ச் என்று எல்லாமே அந்தச் சின்ன பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன, அதனால் பெரிய பேட்டரியில் 80 சதவீதம் சார்ஜ் இருக்கும்போதே வண்டி ரோட்டில் படுத்துவிடலாம்.

இதில் தீப்பிடிக்கிற விஷயம் எதுவும் இல்லை, ஓடுகிற வண்டி பலம் இழப்பதுதான் பிரச்சினை. அமெரிக்காவில் புகார் கொடுத்த ஓட்டுநர்கள் சொன்னது ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது: 'டப்' என்று ஒரு சத்தம், உடனே டாஷ்போர்டில் எச்சரிக்கை, அப்புறம் வேகம் இறங்க ஆரம்பிக்கிறது, சிலருக்கு மொத்தமாகவே நின்றுவிடுகிறது. எச்சரிக்கை வந்ததும் ஓரம் கட்டக் கொஞ்ச நேரம் கிடைக்கும் என்பது உண்மைதான், ஆனால் சேலம் பைபாஸில் பின்னால் லாரி ஒட்டிக்கொண்டு வரும்போது அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். "சும்மா சாஃப்ட்வேர்" என்பதும் தப்பு. சாஃப்ட்வேர் மாற்றம் உண்டு, ஆனால் முதலில் அந்தப் பெட்டியைச் சோதிக்க வேண்டும், கெட்டிருந்தால் பெட்டியையே மாற்ற வேண்டும். உங்களுக்குக் காசு ஒன்றும் கிடையாது.

இன்னொன்று, "ரீகால் எல்லாம் முடிச்சாச்சு சார்" என்று விற்பவர் சொன்னால் எந்தத் தேதியில் என்று கேளுங்கள். அமெரிக்காவில் 2024 மார்ச்சில் ஹுண்டாயும் அதன் சொகுசு பிராண்டான ஜெனிசிஸும் சேர்த்து 98,878 வண்டிகளை இதே குறைக்காக அழைத்தார்கள், நவம்பரில் மறுபடி 145,235 வண்டிகளை அழைத்தார்கள், மார்ச்சில் வந்து சரிசெய்துகொண்டு போனவர்களும் திரும்ப வர வேண்டியிருந்தது. இதே பெட்டி இருக்கும் கியா ஈவி6 நம் ஊரிலேயே 2024 ஜூலையில் 1,138 வண்டிகளுக்கு ஒரு தடவை, 2025 பிப்ரவரியில் 1,380 வண்டிகளுக்கு இன்னொரு தடவை ரீகால் ஆனது. ஆக, பழைய பில் ஒன்றைக் காட்டினால் அதோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. ஆர்சியில் சேஸிஸ் நம்பர் என்று 17 எழுத்தும் எண்ணும் கலந்து இருக்கும், அதுதான் வண்டியின் அடையாளம். இணையத்தில் நம்பர் பிளேட்டை வைத்துத் தேடினால் அதைப் பாதி மறைத்துத்தான் காட்டும், அதனால் ஆர்சியையே வாங்கிப் பாருங்கள். கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு போன் போட்டு, இந்த நம்பருக்கு முடிக்காத ரீகால் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று கேளுங்கள், பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். நிலுவையில் இருந்தால், விற்பவரே தன் பெயரில் வேலையை முடித்து, என்ன வேலை செய்தார்கள் என்று சர்வீஸ் சென்டர் எழுதித் தரும் ஜாப் கார்டோடு வண்டியைத் தரட்டும். இலவசமாகச் செய்து தருகிற வேலைக்கே ஒருவர் சர்வீஸ் சென்டருக்கு வண்டியை அனுப்பத் தயங்கினால், அவர் மறைப்பது வேறு ஏதோ, அந்த வண்டியை விட்டுவிடுங்கள். அப்புறம் ஐசிசியு மாற்றிய பதிவு இருந்தால் அதைக் கரும்புள்ளியாகப் பார்க்க வேண்டாம், எனக்கென்னவோ அந்த வண்டியைத்தான் முதலில் எடுக்கத் தோன்றும்.

கேள்வி (திருச்சியிலிருந்து): என் மின்சாரக் காருக்கு ரீகால் என்று மெசேஜ் வந்தது. சர்வீஸ் சென்டர் போனால், "ஜெனரல் செக்கப்போடு சேர்த்துத்தான் செய்வோம்" என்று 3,200 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்தார்கள். கட்டித்தான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். ரீகால் வேலைக்கு ஸ்பேர், கூலி, சாஃப்ட்வேர் எதற்கும் பணம் கிடையாது, ரீகால் அறிவிப்பைப் பாருங்கள், கம்பெனியே இலவசம் என்றுதான் சொல்லியிருக்கும். எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடாமல், ரீகாலுக்கு மட்டும் தனி ஜாப் கார்டு போடச் சொல்லுங்கள், அதில் ரீகால் என்ற வார்த்தையோ அந்த ரீகாலுக்குக் கம்பெனி கொடுத்த கேம்பெயின் நம்பரோ இருக்கட்டும், தொகை என்ற இடத்தில் பூஜ்யம் இருக்கட்டும். வீல் அலைன்மென்ட், ஏசி கிளீனிங், உள்ளே நுரை போட்டுக் கழுவுவது இதெல்லாம் நீங்கள் விரும்பிக் கேட்டால் மட்டும்.

ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அங்கே நின்று சத்தம் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்த எஸ்டிமேட்டைப் படம் எடுத்துக் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும், ஏனென்றால் டீலர் பார்க்கிற ரீகால் வேலைக்குக் கூலி கொடுப்பது கம்பெனி, ஒரே வேலைக்கு இரண்டு பக்கமும் காசு வாங்கப் பார்த்ததாகத் தெரிந்தால் அவருக்குத்தான் சிக்கல். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் வண்டிக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் அங்கேயே வழக்குப் போடலாம், பிரச்சினை எழுந்த இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பலர் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் 110ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். குறை ஆபத்தானது என்று மத்திய அரசே ரீகாலுக்கு உத்தரவு போட்டால், கம்பெனி முழு விலையைத் திருப்பித் தர வேண்டும், இல்லை அதே தரத்திலோ அதைவிட நல்லதாகவோ வேறு வண்டி தர வேண்டும், இல்லை பழுது பார்த்துத் தர வேண்டும், அபராதமும் கட்ட வேண்டும். அதுவே கம்பெனி தானாக முன்வந்து குறையைச் சொல்லி ரீகால் அறிவித்தால் அபராதம் கிடையாது. இங்கே நீங்கள் கேள்விப்படுகிற ரீகால் எல்லாமே "நாங்களாகவே முன்வந்து" என்று ஆரம்பிப்பது எதனால் என்று இப்போது புரிந்திருக்கும்.

கேள்வி (மதுரையிலிருந்து): 2023-இல் மஹிந்திரா எக்ஸ்யூவி400 வாங்கினேன். அதற்கு ரீகால் வந்ததாக இப்போதுதான் கேள்விப்படுகிறேன். எனக்குக் கடிதமும் வரவில்லை, போனும் வரவில்லை. நடுவில் வீடு மாறி, நம்பரும் மாற்றிவிட்டேன்.

பதில்: காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். கம்பெனியிடம் இருப்பது வண்டி எடுத்த அன்று கொடுத்த முகவரியும் நம்பரும்தான். முதலில் அதை மாற்றுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ரீகாலும் இப்படித்தான் போகும்.

நீங்கள் சொல்வது 2023 ஆகஸ்டில் வந்தது. அந்த வருஷம் பிப்ரவரி 16 முதல் ஜூன் 5 வரை தயாரான 3,560 எக்ஸ்யூவி400 வண்டிகள், பிரேக் பொட்டென்ஷியோமீட்டர் என்ற சென்சாரில் ஸ்பிரிங் சரியாகத் திரும்பவில்லை என்பது குறை. ஆர்சியில் தயாரித்த மாதமும் வருஷமும் இருக்கும், எடுத்துப் பாருங்கள். வாங்கிய தேதியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், ஆகஸ்டில் டெலிவரி எடுத்த வண்டி மே மாதம் தயாரானதாக இருக்கலாம். ஒருவேளை ரெகுலர் சர்வீஸுக்கு விட்டபோது உங்களிடம் சொல்லாமலே அவர்கள் அதை முடித்திருக்கவும் கூடும், அப்படி நடப்பது சகஜம், பழைய ஜாப் கார்டுகளைத் தேடுங்கள், இல்லை என்றால் சேஸிஸ் நம்பர் சொல்லிக் கேளுங்கள். பிரேக் சமாச்சாரம், அடுத்த சர்வீஸ் வரட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி (நியூஜெர்சியிலிருந்து): மகள் காலேஜ் போய்வரப் பழைய செவ்ரோலே போல்ட் பார்க்கிறோம். 2019 மாடல் ஒன்று, 2021 மாடல் ஒன்று. பேட்டரி தீப்பிடித்து ரீகால் ஆன கார் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். எடுக்கலாமா?

பதில்: பேட்டரி மாற்றிய போல்ட் என்றால் தயங்காமல் எடுங்கள். மாற்றாதது என்றால் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

கதை தெரியாதவர்களுக்கு: எல்ஜி செய்து கொடுத்த பேட்டரி செல்களில் இரண்டு குறைகள், ஆனோடு முனை கிழிந்திருப்பது, நடுவில் இருக்கும் பிரிப்புத் தாள் மடிந்திருப்பது. இரண்டும் ஒரே செல்லில் சேர்ந்து வந்துவிட்டால் தீப்பிடிக்கலாம். 2020 நவம்பரில் முதல் ரீகால், அப்போது சாஃப்ட்வேர் போட்டு 90 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறாமல் பார்த்துக்கொண்டார்கள். அது போதவில்லை. 2021 ஆகஸ்டில் அதுவரை செய்த போல்ட் அத்தனையும், ஏறக்குறைய 1,42,000 கார்கள், உள்ளே வந்துவிட்டன. அந்த மாதங்களில் போல்ட் வைத்திருந்தவர்கள் பாடு கொடுமை: சார்ஜ் போட்டதும் வண்டியை வெளியே நிறுத்து, ராத்திரி வீட்டுக்குள் சார்ஜ் போடாதே, ரேஞ்ச் 70 மைலுக்குக் கீழே போக விடாதே என்று கம்பெனியே சொன்னது. செலவில் 190 கோடி டாலர் வரை எல்ஜி ஏற்றுக்கொண்டது.

நீங்கள் பார்க்கும் 2019 வண்டியில் பேட்டரி மாட்யூல்களை (செல்களை அடுக்கிய தொகுதிகளை) மாற்றியிருந்தால் அது லாபம்தான். 2017 முதல் 2019 வரை வந்த போல்ட்டின் ரேஞ்ச் 238 மைல், மாற்றிப் போட்ட புது செல்களில் கொள்ளளவு கூடுதல், ரேஞ்ச் 259 மைல் வரை வரும். மாற்றிய பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,00,000 மைல் வாரன்டி. பழைய காருக்குள் புது பேட்டரி, விற்பவருக்கே சில சமயம் அதன் மதிப்பு தெரிவதில்லை.

2021 மாடலில்தான் கவனம் வேண்டும். 2020 முதல் 2022 வரை வந்த பல வண்டிகளுக்கு, பேட்டரியை மாற்றாமல் பரிசோதனை சாஃப்ட்வேர் மட்டும் போட்டார்கள். அது சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்திவைத்து, ஏறக்குறைய 6,200 மைல் ஓடும் வரை செல்களைக் கண்காணிக்கும், கோளாறு தெரியாவிட்டால் தானாகவே 100-க்குத் திறந்துவிடும். எனவே ஓட்டிப் பார்க்கும்போது 100 வரை சார்ஜ் ஏறுகிறதா என்று கேளுங்கள். 80-இல் நின்றால் சோதனை முடியவில்லை. 100 ஏறுகிறது ஆனால் எந்தப் பதிவும் இல்லை என்றால், ரீகாலுக்கே போகாத வண்டியாக இருக்கலாம், அது வேண்டாம்.

அமெரிக்காவில் விசாரிப்பது சுலபம், நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ தளத்தில் வண்டியின் 17 இலக்க சேஸிஸ் நம்பரைப் போட்டால் நிலுவையில் இருக்கும் ரீகால் தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: ரீகால் நிலுவையில் இருக்கும் புதுக் காரை அங்கே டீலர் விற்கக் கூடாது, பழைய காருக்கு அந்தத் தடை இல்லை. பளபளவென்று கழுவி நிறுத்தியிருக்கும் வண்டியிலும் முடிக்காத ரீகால் இருக்கலாம். வாங்கிவிட்ட பிறகு தெரிந்தாலும் பரவாயில்லை, வண்டி முதலில் விற்றதிலிருந்து 15 வருஷம் வரை இலவசமாகவே செய்து தர வேண்டும், எத்தனையாவது கை என்பது கணக்கில்லை.

கேள்வி: டெஸ்லாவுக்கு லட்சக்கணக்கில் ரீகால் என்று செய்தி வருகிறது, ஆனால் யாரும் சர்வீஸ் சென்டர் போவதாகத் தெரியவில்லையே?

பதில்: போக வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் ஆட்டோபைலட் என்ற ஓட்டுநர் உதவி வசதிக்காக 20 லட்சத்துக்கும் மேல், 2024 பிப்ரவரியில் எச்சரிக்கை விளக்கின் எழுத்து சின்னதாக இருந்ததற்காக 22 லட்சம், இரண்டுமே இணையம் வழியாக இறங்கிய அப்டேட். பாதுகாப்புக் குறையை எப்படிச் சரிசெய்தாலும் சட்டப்படி அது ரீகால். எண்ணிக்கையைப் பார்த்து மிரளாதீர்கள், என்ன குறை என்று படியுங்கள். அப்டேட் வந்தால் "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளாமல் போட்டுவிடுங்கள்.

கேள்வி: வாரன்டி முடிந்துவிட்டது, வெளியே மெக்கானிக்கிடமும் விட்டிருக்கிறேன். ரீகால் வேலை செய்து தருவார்களா?

பதில்: தருவார்கள். வாரன்டி வேறு, ரீகால் வேறு. தயாரிப்பிலேயே இருக்கிற குறைக்கு நீங்கள் எங்கே ஆயில் மாற்றினீர்கள் (மின்சாரக் காரில் அதுவும் கிடையாது!), எங்கே கழுவினீர்கள் என்பதெல்லாம் பொருட்டே இல்லை. குறை உள்ள அதே பாகத்தை யாராவது கழற்றி நோண்டியிருந்தால் மட்டும் வாக்குவாதம் வரலாம். நம் நாட்டு ரீகால் விதிகள் 7 வருஷம் வரையான வண்டிகளுக்குத்தான், ஆகவே வண்டிக்கு ஆறு வயதைத் தாண்டிவிட்டால் சேஸிஸ் நம்பரை இந்த வாரமே சொல்லிக் கேட்டுவிடுங்கள்.